தோகா ஆற்றுத் திடீர் வெள்ளம் (2008)

ஜப்பானின் கோபே நகரில் 2008 ஜூலை 28 அன்று பிற்பகல் இடிமழையால் வந்த வெள்ளம். ரொக்கோ மலையடிவாரத்திலிருந்து கடலுக்கு இறங்கும் தோகா, 2 கி.மீ.கூட நீளாத, சரிவு மிகுந்த சிற்றாறு. இரு கரையும் கான்கிரீட் சுவர். ஆழமில்லாத நீரில் பிள்ளைகள் விளையாட வசதியாகப் படிக்கட்டும் நடைபாதையும் அமைத்திருந்தார்கள். அன்று 2.40 மணியிலிருந்து பத்தே நிமிடத்தில் நீர்மட்டம் சுமார் 1.3 மீட்டர் உயர்ந்தது. 3 குழந்தைகள் உட்பட 5 பேர் இறந்தனர். மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கியவர்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. மலைச்சரிவு ஒரு காரணம்தான். நகரத்தின் பங்கும் குறைவல்ல. சாலையிலும் கூரையிலும் விழுந்த மழை மண்ணில் இறங்க வழியின்றி, வடிகால்கள் வழியே நேராக ஆற்றில் கொட்டியது. பின்னர் கரையோரம் சுழல்விளக்குகள் பொருத்தப்பட்டன. கனமழை எச்சரிக்கை வெளியானதும் அவை எரியத் தொடங்கும்.