வெளிநாட்டில் கோடைகாலப் படிப்பு: கேரள எல்லைத் தமிழ் மாணவர்கள் எந்த விசா பெற வேண்டும்?

பாலக்காடு: அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடத்தும் கோடைகாலப் படிப்புகளுக்கான விசா, படிப்பு எத்தனை வாரம் என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. நான்கு வாரம்தானே எனச் சுற்றுலா விசாவில் செல்வது ஒரு நாட்டில் விதிமீறலாகவும், மற்றொரு நாட்டில் முறையான வழியாகவும் இருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைச் சேர்ந்த தமிழ் மாணவர்களுக்கு இதனுடன் முகவரி, பெயர், ஆவண மொழி ஆகிய சிக்கல்களும் சேர்கின்றன.

அமெரிக்காவில் என்ன விதி?

மிகவும் கண்டிப்பான விதி அமெரிக்காவினுடையது. வாரத்திற்கு 18 மணி நேரமோ அதற்கு மேலோ வகுப்பு இருந்தால் எஃப்-1 மாணவர் விசா தேவை. வகுப்பு நேரம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளத்தக்க மதிப்பெண் அலகு வழங்கப்படுமானால் சுற்றுலா விசா போதாது. பொழுதுபோக்காகப் பயிலும் குறுகிய வகுப்புகளுக்கு மட்டுமே பி-2 விசா பொருந்தும்.

எஃப்-1 விசாவுக்குப் பல்கலைக்கழகம் ஐ-20 என்னும் படிவத்தை வழங்க வேண்டும். அதன்பின் 350 டாலர் செவிஸ் கட்டணமும், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணமும் செலுத்த வேண்டும். பரிமாற்றத் திட்டத்தின் கீழ் செல்வோருக்கு ஜே-1 விசா; அதற்கான படிவம் டிஎஸ்-2019, செவிஸ் கட்டணம் 220 டாலர். இரண்டு வாரப் படிப்பாயினும் இக்கட்டணங்களில் குறைவு இல்லை என்பதால், சேர்க்கைக் கட்டணம் செலுத்துமுன் இவற்றையும் கணக்கில் கொள்வது நல்லது. 2025 ஜூன் முதல் இவ்வகை விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை அனைவரும் பார்க்கும் வகையில் வைத்திருக்கவும் அறிவுறுத்தப்படுகின்றனர்.

கேரளம் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. கைரேகைப் பதிவும் நேர்காணலும் பொதுவாக வெவ்வேறு நாள்களில் நடைபெறும். மூணாறு மாணவர் மலையிறங்கிப் போடிநாயக்கனூரில் சென்னை ரயிலைப் பிடிக்கலாம் என்றாலும், அந்த ரயில் தினமும் இயங்குவதில்லை. எனவே ரயில் நாளைப் பார்த்தபின் நேர்காணல் நாளைத் தேர்ந்தெடுப்பதே வசதி.

பிற நாடுகள்

பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 6 மாதம் வரை பயில வழக்கமான பார்வையாளர் விசாவே போதும். கனடாவில் 6 மாதத்திற்கு உட்பட்ட படிப்புக்குக் கல்வி அனுமதி தேவையில்லை. பார்வையாளர் விசா வேண்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையாளர் விசாவில் 3 மாதம் வரை பயிலலாம்.

ஷெங்கன் நாடுகளில் 180 நாள்களில் 90 நாள்கள் வரை தங்குவதற்குக் குறுகிய கால விசா வழங்கப்படுகிறது. கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்திற்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்களுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க இயலாது.

கோடைப் படிப்புக்குப் பின் ஜெர்மனியிலேயே ஒரு பருவம் தொடர விரும்புவோர், 90 நாள்களைக் கடந்து தங்குவதற்கான தேசிய விசாவைப் புறப்படும் முன்பே பெற வேண்டும். இங்குதான் மாநில எல்லை குறுக்கிடுகிறது. இவ்வகை விசாவுக்குத் தமிழ்நாட்டில் வசிப்போர் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தையும், கேரளத்தில் வசிப்போர் பெங்களூருவையும் அணுக வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் வீடும் கோவையில் கல்லூரியுமாக இருப்பவர், தம் வசிப்பிடச் சான்று எந்த மாநிலத்தைக் காட்டுகிறது என்பதை நேரம் பதிவு செய்யும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயரும் மொழியும்

தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னொட்டாகக் கொள்ளும் தமிழ் வழக்கம் விசாப் படிவங்களுக்குப் புரிவதில்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் மாணவரின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயருக்கான இடத்தில் 'எஃப்என்யூ' என அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள்! இது நிராகரிப்புக்குக் காரணமாகாது. ஆனால் பல்கலைக்கழகக் கடிதம், காப்பீடு, விமானச் சீட்டு ஆகியவற்றில் பெயர் வெவ்வேறு விதமாக இருந்தால் தொல்லைதான். எனவே சேர்க்கை விண்ணப்பத்திலேயே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் தருவது அவசியம்.

எல்லைப் பகுதிக் குடும்பங்களில் நில ஆவணம் மலையாளத்திலும், பள்ளிச் சான்று தமிழிலும், பெற்றோரின் ஊதியச் சீட்டு ஆங்கிலத்திலும் இருப்பது இயல்பு. ஆங்கிலமல்லாதவற்றைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புடன் இணைக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி ஒன்று: தந்தையின் பெயர் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்திற்கு வரும்போது ஓர் எழுத்துக்கூட்டலும், தமிழிலிருந்து வரும்போது மற்றொன்றும் ஆகிவிடுவதுண்டு. கடவுச்சீட்டின் நகலை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இப்பிழை நேராது.

கல்லூரிக் கடிதம்

மேலை நாடுகளின் கோடை, இடுக்கியில் தென்மேற்குப் பருவமழைக் காலம். கேரளத்தில் விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் முடிந்து, ஜூனில் பள்ளிகள் திறந்துவிடுகின்றன. ஆகவே சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் பயில்பவராயினும், பாலக்காடு ஐஐடி மாணவராயினும், விடுப்புக்கு ஒப்புதல் அளித்து, திரும்பிவந்து படிப்பைத் தொடர்வார் எனக் குறிப்பிடும் கடிதத்தைத் தம் நிறுவனத்திலிருந்து பெற வேண்டும். வருகைப் பதிவுக்காகப் பெறும் இக்கடிதம், மாணவர் தாய்நாடு திரும்புவார் என்பதற்கான சான்றாகவும் விசா அதிகாரியிடம் பயன்படும்.

எஃப்-1 விசா பெற்றவர்கள் படிப்பு தொடங்குவதற்கு 30 நாள்களுக்கு முன்னதாக அமெரிக்காவில் நுழைய முடியாது. ஐ-20 படிவத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பாமல் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். இறங்கியதும் குடிவரவு அதிகாரி கேட்கும் ஆவணங்களுள் அதுவும் ஒன்று.