வளைந்து வந்த ஒளி: கெடா வானம் முதல் அட்டகாமா வரை

1929ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் வட சுமத்ராவிலிருந்து கெடாவைக் கடந்து பட்டாணியை நோக்கிச் சென்றது. ஜெஞ்சாரோம் சூழ்ந்த கோலலங்காட் வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் அது பகுதிக் கிரகணமாகவே தெரிந்திருக்கும். அலோர் ஸ்டாரில் பிரிட்டிஷ் வானியலாளர்கள் முகாமிட்டிருந்தனர். சுமத்ராவின் தாக்கெங்கோனில் ஜெர்மானியரான பிராய்ன்ட்லிஹ், சூரியனை ஒட்டித் தெரியும் விண்மீன்களைப் படமெடுக்கக் காத்திருந்தார்.

சூரியனின் விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 விகலை அளவு வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. இத்துணைச் சிறிய விலகலை 1919இல் எடிங்டன் குழுவினர் அளந்து புகழ்பெற்றனர். அப்புகழின் வெளிச்சத்தில் தோற்றவர்கள் மறைந்துபோயினர். கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் எவர்ஷெட் 1922இல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைவரை சென்றும் கருவிக் கோளாற்றால் பயன் பெறவில்லை. அதே கடற்கரையில் அமெரிக்கர் கேம்பலின் குழு வெற்றி கண்டது.

பிராய்ன்ட்லிஹ் பெற்ற விடை 2.24 விகலை. கணிப்பினும் அது மிகுதியாக இருந்ததால் பூசல் எழுந்தது. கிரகணப் படத்தோடு, சூரியன் அப்பகுதியை விட்டகன்றபின் இரவில் எடுத்த படத்தை ஒப்பிட்டே விலகல் கணிக்கப்படும். இரு படங்களின் அளவுகோலைப் பொருத்தியதில் பிழை உண்டென்று ட்ரம்ப்லர் வாதிட்டார். அவர் மீண்டும் கணக்கிட்டபோது விடை ஐன்ஸ்டைனின் எண்ணை நெருங்கியது. ஆக, வழக்கு முழுவதும் ஒப்பீட்டுப் படத்தைப் பற்றியதே. இதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். இனிச் சொல்லப்போகும் வானத்திற்கு ஒப்பீட்டுப் படமே கிடையாது.

அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்து விடுபட்ட ஒளி, இன்று நுண்ணலைகளாக எத்திசையிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. 1965இல் பென்சியாசும் வில்சனும் இதன் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். வரும் வழியில் விண்மீன் மண்டலத் திரள்களும், ஒளி உமிழாத இருண்ட பொருளும் அதனை இழுக்கின்றன. மொத்த விலகல் சராசரியாக இரண்டரைக் கலை, அதாவது நிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சூரிய விளிம்பின் வளைவைவிட இது எண்பது மடங்குக்கும் மேல். ஆயினும் அளப்பது கடினம். ஏனெனில் அப்பொருளையெல்லாம் அகற்றிவிட்டு வளையாத வானத்தைப் படமெடுக்க யாராலும் இயலாது.

வழி புள்ளியியலில் கிடைத்தது. ஒரே வகைப் புள்ளிகள் சிதறிய பாத்திக் துணியொன்றை எண்ணிப் பாருங்கள். எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று நமக்குத் தெரியாது. புள்ளிகளின் சராசரி அளவு துணி முழுவதும் ஒன்றே என்பது மட்டும் தெரியும். ஓரிடத்தில் அவை சராசரியினும் பெரிதாகவோ ஒருபக்கம் நீண்டோ காணப்பட்டால், துணி அங்கே இழுபட்டிருக்கிறது என்பது பொருள். இக்கருத்தை ஹூவும் ஒகமோட்டோவும் 2002இல் தேர்ந்த கணக்கீட்டு முறையாக்கினர். ஒளிவரைபடத்திலிருந்தே இடைப்பட்ட பொருளின் வரைபடத்தைப் பெற அது வழிவகுத்தது.

2007இல் நுண்ணலை வரைபடத்தை ரேடியோ விண்மீன் மண்டலங்களின் பட்டியலோடு பொருத்தி முதல் தடயம் காணப்பட்டது. 2011இல் சிலி நாட்டு அட்டகாமாத் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு, சுதீப் தாஸ் முதலானோர் வெளிப்பட்டியலின் துணையின்றியே விலகலைக் கண்டனர். அவ்வாண்டே ஷெர்வின் முதலானோர், நுண்ணலை ஒளியை மட்டுமே கொண்டு இருண்ட ஆற்றலுக்குச் சான்று காட்டினர். என் கருத்தில் இதுவே அவ்வாண்டின் பெரிய செய்தி. அதுவரை அச்சான்று பெரிதும் வெடிக்கும் விண்மீன்களையே சார்ந்திருந்தது. பின்னர் பிளாங்க் செயற்கைக்கோள் ஏறக்குறைய வானம் முழுவதற்கும் பொருள்வரைபடம் தந்தது.

இப்போது வழக்கு வேறு. அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களின் உருத்திரிவை அளந்த சில ஆய்வுகள், பொருள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே திரண்டிருப்பதாகக் கூறின. அது மெய்யானால் அண்டக் கொள்கையையே திருத்த நேரும். 2023இல் அட்டகாமாக் குழு, மாத்யூ மாதவச்சேரில் முதலானோர் பங்களிப்புடன், வானத்தின் கால்பகுதிக்குப் பொருள்வரைபடம் வெளியிட்டது. திரட்சியின் அளவு, பழைய ஒளியிலிருந்து கணித்த எண்ணோடு ஒத்திருந்தது. ஆனால் இம்முறை பெரிதும் தொலைவிலும் பெரிய அளவிலும் அமைந்த பொருளையே உணர்கிறது. அருகிலுள்ள சிறிய திரள்களின் வழக்கு இதனால் முடியவில்லை. அதே மலைப்பகுதியில் சைமன்ஸ் ஆய்வகம் இப்போது வானை நோக்கி வருகிறது. நியூட்ரினோக்களின் நிறையும் அதன் தேடலுள் அடங்கும்.