கையால் நிரப்பிய தோட்டா
அமெரிக்க மான்வேட்டையில் ஒரு கைவினையின் வரலாறு

ஆயுதங்களின் வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மன்னரும் தளபதியரும் நிறைந்த அவ்வரலாற்றில், வீட்டின் ஓர் மூலையில் மேசையிட்டு அமர்ந்து, வெறும் பித்தளைக் கூட்டினுள் மருந்தை அளந்து நிரப்பிய சாதாரண வேட்டைக்காரனுக்கு இடமில்லை. எனினும், மான்வேட்டைக்கான குறுகிய துப்பாக்கியொன்றிற்கு எவ்வகை மருந்தை, எவ்வளவு, எச்சன்னத்தின் பின்னே இடுவது என்னும் அவனது சிறிய வினாவினுள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கைத்தொழில், சட்டம், அறம் ஆகிய மூன்றன் வரலாறும் அடங்கியுள்ளன. அவ்வினா தோன்றி வளர்ந்த வழியை ஈண்டு நோக்குவோம்.

அளந்து இட்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டிலே பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜேர்மன் கொல்லர்கள் நீண்ட குழலையுடைய துப்பாக்கிகளைச் செய்தளித்தனர். அவற்றைச் சுமந்து காடு புகுந்தோர் யாவரும் கொம்பிலிருந்து மருந்தை அளந்து வாய்வழி இட்டு, தாமே வார்த்த ஈயக் குண்டை அதன்மேல் இறுக்கினர். ஆகவே, தொடக்கத்தில் எல்லா வேட்டைக்காரரும் கையால் நிரப்புவோராகவே இருந்தனர். அஃது அன்று ஒரு தனிக்கலையாகக் கருதப்படவில்லை.

உலோகத் தோட்டாவின் வருகை இந்நிலையை மாற்றியது. 1866ஆம் ஆண்டளவில் பிரித்தானியரான எட்வேர்ட் பொக்ஸரும் அமெரிக்கரான ஹைரம் பேர்டனும் மருந்தைப் பற்றவைக்கும் ‘பிறைமர்’ என்னும் சிறு கிண்ணத்தைத் தனித்தனியே இரு முறைகளில் அமைத்தனர். பொக்ஸரின் முறையிற் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை உண்டு. ஆதலால், வெடித்து முடிந்த கிண்ணத்தை மெல்லிய கம்பியொன்றால் உள்ளிருந்து தள்ளி வெளியேற்றலாம். பேர்டனின் முறையில் நடுவிலன்றிப் பக்கங்களிலே துளைகள் அமைந்தமையால் அது எளிதன்று. பிரித்தானியரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றியமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அமெரிக்க வேட்டைக்காரன் ஒரே கூட்டைப் பன்முறை நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் தழைத்தமைக்கு இச்சிறு துளையும் ஒரு காரணமாகும்.

அழிவும் பாடமும்

1870களில் மேற்குச் சமவெளிகளிற் காட்டெருமைகளை ஆயிரமாயிரமாகக் கொன்று தோலுரித்தவர்கள், பாசறைத் தீயருகே அமர்ந்து அடுத்த நாளுக்கான தோட்டாக்களை நிரப்பினர். 1884இல் ஜோன் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்குரிய கருவிகளைச் செய்து விற்றது. அக்காலத்து நிரப்புதலின் நோக்கம் சிக்கனம் ஒன்றே. குறைந்த செலவில் மிகுதியாகக் கொல்லுதலே வேண்டப்பட்டது.

அதன் விளைவு கொடிதாயிற்று. காட்டெருமை அருகியது. சந்தைக்காக வேட்டையாடப்பட்ட வெண்வால் மான்கள், 1900ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சமோ அதனினும் குறைவோ எஞ்சியிருந்தன என மதிப்பிடப்படுகின்றது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதை அதே ஆண்டில் லேசிச் சட்டம் தடைசெய்தது. வேட்டைப் பருவங்களும் எண்ணிக்கை வரம்புகளும் மாநிலந்தோறும் விதிக்கப்பட்டன. ஆண்டிற்கு ஒன்றிரண்டு மான்களே கிடைக்கும் நிலையில், பல தோட்டாக்களை மலிவாகப் பெறுவதினும், ஒரே தோட்டா பிழையாது சென்று விலங்கை விரைவில் வீழ்த்துவதே முதன்மை பெற்றது. கையால் நிரப்புதல் சிக்கனத்தினின்று செம்மையை நோக்கித் திரும்பியது இங்கேதான்.

குறுகிய துப்பாக்கியின் தோற்றம்

1884இல் பிரான்சிய வேதியியலாளர் போல் வியெய் புகையில்லா மருந்தை ஆக்கினார். அதன் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கத்தக்க உறுதியைக் கதவுத் தாழ்ப்பாள் போல இயங்கும் ‘போல்ட்’ அமைப்பு அளித்தது. 1898ஆம் ஆண்டின் மவுசர் அவ்வமைப்பின் முதிர்ந்த வடிவமாகும். 1903இல் ஒஸ்திரியாவில் வெளிவந்த மன்லிக்கர்-ஷோனவர் ஏறத்தாழ 18 அங்குலக் குழலுடன் மலைவேட்டைக்காரரைக் கவர்ந்தது. முதலாம் உலகப் போரிற் போல்ட் துப்பாக்கியுடன் பழகித் திரும்பிய அமெரிக்க வீரர், வேட்டையிலும் அதனையே விரும்பினர்.

1952இல் வெளிவந்த .308 வின்செஸ்ரர் தோட்டா மற்றொரு திருப்பமாகும். 63 மில்லிமீற்றர் நீளமான பழைய .30-06 கூட்டிற்கு மாறாக அதன் கூடு 51 மில்லிமீற்றர் அளவிலேயே அமைந்தமையால், துப்பாக்கியின் பொறியும் குறுகியது. அக்கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1955இல் .243 வின்செஸ்ரரும் 1980இல் 7 மி.மீ.-08 றெமிங்டனும் ஆக்கப்பட்டன. றெமிங்டன் கம்பனி 1964இல் வெளியிட்ட 600ஆம் இலக்க மாதிரி 18.5 அங்குலக் குழலுடையது. நான்கே ஆண்டுகளில் அது நிறுத்தப்பட்டது. எனினும், 1983இல் அதே குழல் நீளத்துடன் ‘மொடல் செவன்’ என்பது வந்து நிலைபெற்றது. அடர்ந்த காட்டில் சுமந்து செல்லவும் விரைந்து தோளிலேற்றவும் இத்துப்பாக்கிகள் ஏற்றவை.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பொதுமக்களுக்குத் தோட்டாக்கள் கிடைப்பது அரிதாயிற்று. அத்தட்டுப்பாட்டினிடையே, 1943இல், கலிபோர்ணியாவிற் பிரெட் ஹன்ரிங்டன் சன்னம் அழுத்தும் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். போர் முடிந்தபின், அரசிடம் எஞ்சிக் கிடந்த 4895 என்னும் மருந்தைக் கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன் வாங்கி வேட்டைக்காரருக்கு மலிவாக விற்றார். 1949இல் நெப்ராஸ்காவில் ஜொய்ஸ் ஹோர்ணடி சன்ன உற்பத்தியை ஆரம்பித்தார். போரின் எச்சங்களே இக்கைவினையின் மூலதனமாயின எனலாம்.

இவர்களுள் ஜோன் நொஸ்லரின் அனுபவம் தனித்து நோக்கத்தக்கது. 1946இல் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாவில் அவர் ‘மூஸ்’ என்னும் பெருமானொன்றைச் சுட்டபோது, சன்னங்கள் தோலளவிலேயே சிதைந்தனவன்றி ஆழச் செல்லவில்லை. இதனால் உந்தப்பட்டு, நடுவே தடுப்புச் சுவருடைய சன்னமொன்றை அமைத்தார். முற்பகுதி விரிந்தாலும் பிற்பகுதி சிதையாது ஊடுருவும். 1948இல் விற்பனைக்கு வந்த அச்சன்னம், வேகம் மட்டும் போதாது என்னும் உண்மையை நிலைநாட்டிற்று.

தெரிவின் நுட்பம்

குழல் ஓர் அங்குலம் குறையுந்தோறும் சன்னத்தின் வேகம் பொதுவாகச் செக்கனுக்கு 20 முதல் 30 அடிவரை குறையும். எனவே 24 அங்குலக் குழலிற்கும் 18.5 அங்குலக் குழலிற்கும் இடையே செக்கனுக்கு நூற்றுப்பத்து முதல் நூற்றறுபத்தைந்து அடிவரை இழப்பு நேரலாம். குறுங்குழலுக்கு விரைந்தெரியும் மருந்தே ஏற்றது என்பது நெடுநாளைய நம்பிக்கை. வேகமளக்கும் கருவிகள் பரவலானபோது, நீள்குழலில் அதிக வேகம் தரும் மருந்தே பெரும்பாலும் குறுங்குழலிலும் அதிக வேகம் தருகின்றது என்பது புலனாயிற்று. மெதுவாக எரியும் மருந்தால் வாயில் எழும் சுவாலையும் ஓசையும் மிகுவதே குறை.

இழந்த வேகத்தை மருந்தைக் கூட்டி மீட்க முனைவது ஆபத்தானது. .308 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 62,000 இறாத்தல் என வரையறுக்கப்பட்டுள்ளது. கைந்நூல்கள் கூறும் உச்ச அளவிற்குக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுதலே மரபு. அன்றியும், இலேசான துப்பாக்கி தோளில் வலிதாக உதைக்கும். உதைக்கு அஞ்சிக் கண்மூடுபவனின் குறி தப்பும். ஆதலால் அனுபவமிக்கோர் .308இற்கு 150 கிறெயின், 7 மி.மீ.-08இற்கு 140 கிறெயின் போன்ற நடுத்தரச் சன்னங்களை நாடி, குறைந்த வேகத்திலும் விரியத்தக்கவற்றைத் தெரிந்து, அதற்கேற்பச் சுடும் தூரத்தையும் சுருக்கிக்கொண்டனர். தன் துப்பாக்கியின் எல்லையை அறிவதே தெரிவின் முதற்படியாயிற்று.

புதிய வினா

கலிபோர்ணியாவின் கொண்டோர் கழுகுகள் 1982இல் 22 ஆகக் குறைந்தன. 1987இல் கடைசிக் காட்டுப் பறவையும் காப்பகத்திற்காகப் பிடிக்கப்பட்டது. இனப்பெருக்கத்தின் பின் மீண்டும் காட்டில் விடப்பட்ட பறவைகளும், வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலையும் உடலையும் தின்று, அவற்றிற் கலந்த ஈயத் துகள்களால் இறந்தன. கலிபோர்ணியா 2013இற் சட்டமியற்றி, 2019 யூலை முதல் வேட்டையில் ஈயச் சன்னங்களை முற்றாகத் தடைசெய்தது. செம்புச் சன்னங்கள் அவ்விடத்தை நிரப்பின. செம்பு ஈயத்தினும் அடர்த்தி குறைந்ததாகலின், அதே நிறைக்குச் சன்னம் நீளும். நிரப்புவோன் சற்று இலேசான சன்னத்தை நாட, குறுங்குழல் இழந்த வேகத்தின் ஒரு பகுதியும் மீளக் கிடைத்தது.

வெண்வால் மான்கள் இன்று ஏறத்தாழ மூன்று கோடியெனக் கணிக்கப்படுகின்றன. துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் அறவிடப்படும் வரியை வனவிலங்குப் பேணலுக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டின் பிற்மன்-றொபேட்சன் சட்டத்திற்கும் இம்மீட்சியிற் பங்குண்டு. பாசறைத் தீயருகே தோட்டா நிரப்பியவன் எத்தனை விலங்குகள் விழும் என்று எண்ணினான். அவனது பேரன் ஒரு மான் நோவின்றி விழுமா என்று எண்ணினான். இன்று அதே மேசையில் அமர்பவன், தான் சென்ற பின்னர் அவ்விடத்தில் இறங்கும் கழுகையும் எண்ணவேண்டியவனாகின்றான். தராசில் இடும் மருந்தின் அளவு பெரிதும் மாறவில்லை. அதனோடு நிறுக்கப்படும் பொறுப்பே காலந்தோறும் கனத்து வந்துள்ளது.