மது அடிமைநிலையும் மரபும்

மது அடிமைநிலை என்பது ஒருவர் குடியைத் தன் விருப்பப்படி நிறுத்த முடியாமல் போகும் நோய். நிறுத்த முயன்றால் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வாட்டும். இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி மரபணு வேறுபாடுகளைச் சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகளும் தத்தெடுப்பு ஆய்வுகளும் காட்டுகின்றன. இது ஒரு மக்கள்கூட்டம் முழுவதற்குமான கணக்கு. தனி ஒருவரின் குடியை எடுத்து, இவ்வளவு மரபு, இவ்வளவு சூழல் என்று பிரித்துச் சொல்ல அது உதவாது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகமும் மீன்பிடிப்பும் தொழிற்சாலை ஷிப்டும் சேர்ந்த வடசென்னையில், உடம்பு வலிக்கு ஒரு குவாட்டர் என்பது பலருக்குப் பழகிப்போன மருந்து. ‘அப்பன் குடிகாரன், புள்ள மட்டும் எப்படி இருப்பான்’ என்ற பேச்சும் பழகியதுதான். இதில் உண்மை உண்டு. டொனால்டு குட்வின் குழுவினர் டென்மார்க்கில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே வேறு குடும்பங்களுக்குத் தத்துப்போன மகன்களிடம் குடிநோய் மற்றத் தத்துப்பிள்ளைகளைவிட ஏறத்தாழ 4 மடங்கு காணப்பட்டது. வளர்த்த வீட்டில் பாட்டிலைப் பார்த்துக் கற்றது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ஆனால் அப்பனின் மரபணு மகளுக்கும்தான் போகிறது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். ஒரே வீட்டில் பிறந்த அக்காவும் தம்பியும் இவ்வளவு வேறுபடுவதற்கு ஊரின் வழக்கமே பெரும் காரணம்.

எந்த மரபணு என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. சிறு சிறு விளைவு கொண்ட நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் சேர்ந்தே ஆபத்தைக் கூட்டுகின்றன. தெளிவாகப் புலப்பட்டவை கல்லீரல் நொதிகளின் மரபணுக்கள். ஆல்கஹாலை ஒரு நொதி அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது; இன்னொன்று அந்த நச்சை அகற்றுகிறது. இரண்டாம் நொதி வேலை செய்யாத மரபணு வகை சீனா, ஜப்பான், கொரியா மக்களிடம் பரவலாக உண்டு. அவர்களுக்குக் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அந்தத் தொல்லையே அவர்களைப் பெரும்பாலும் காக்கிறது. இந்தியர்களிடம் இந்த வகை அரிது. மருத்துவர்கள் தரும் டைசல்பிராம் மாத்திரை அதே நொதியைத் தடுத்து, அதே தொல்லையைச் செயற்கையாக உண்டாக்குகிறது. இந்த மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அவருடைய சம்மதமும் மருத்துவக் கண்காணிப்பும் இல்லாமல் இதைத் தரவே கூடாது.

வடசென்னைக்காரர்கள் அவசியம் அறிய வேண்டியது ஆய்வாளர் மார்க் ஷுக்கிட் கலிபோர்னியாவில் கண்டது. குடிநோயாளிகளின் மகன்களில், இருபது வயதையொட்டி மது குடித்தும் தள்ளாட்டம் குறைவாக இருந்தவர்கள், அடுத்த பத்தாண்டுகளில் மற்றவர்களைவிட அதிகமாகக் குடிநோய்க்கு ஆளானார்கள். மது போதும் என்று உடம்பு தரும் எச்சரிக்கை அவர்களுக்குத் தாமதமாகவே கிடைக்கிறது. அதற்குள் அளவு ஏறிவிடுகிறது. ‘எவ்ளோ அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்’ என்று நண்பர்கள் மெச்சும் இளைஞன்தான் அதிக ஆபத்தில் இருப்பவன். இந்தப் புகழ்ச்சியை நம் தெருக்களிலிருந்து ஒழித்தாக வேண்டும்.

நம் பக்கத்து ஆய்வுகளில் முக்கியமானவை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் நடந்தவை. எதிர்பாராத ஓர் ஒலிக்கோ ஒளிக்கோ மூளை சுமார் 300 மில்லிநொடியில் எழுப்பும் பி300 அலை, குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினர்களிடம், குடும்ப ஆபத்து கூடக் கூடத் தாழ்ந்திருந்ததாக விவேக் பெனகல் குழுவினர் 1995இல் எழுதினர். குடியையே தொடாத சிறுவர்களிடமும் இந்தத் தாழ்வைக் காணலாம் என்று அமெரிக்காவில் ஹென்றி பெக்லைட்டர் 1984இல் காட்டியிருந்தார். அவசரப்பட்டுச் செயல்படுவது, ஆசையை அடக்க முடியாதது போன்ற இயல்புகளின் வழியாகவே மரபு பெரிதும் வேலை செய்கிறது என்ற கருத்துக்கு இவை வலுச் சேர்த்தன.

மரபின் வலு எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. பின்லாந்து இரட்டையர் ஆய்வில், நகர்ப்புறத்திலும் மது விற்பனை கூடிய பகுதிகளிலும் இளைஞர்களின் குடிப்பழக்கத்தில் மரபின் பங்கு உயர்ந்திருந்தது. மது கைக்கெட்டும் இடத்தில்தான் மரபு தலைதூக்குகிறது. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் வசம் இருக்கிறது. ஆகவே எந்தத் தெருவில் கடை இருக்க வேண்டும் என்பது மரபு சார்ந்த ஆபத்தையும் பாதிக்கும் முடிவு.

காசு வாங்கிக்கொண்டு ‘குடி மரபணு’ இருக்கிறதா என்று சொல்லும் சோதனைகளுக்கு இன்று பயன் இல்லை. பெரிய மரபணுத் தரவுகளில் மிகுதியும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. அவற்றை வைத்துத் தமிழர் ஒருவரின் ஆபத்தைக் கணிக்க முடியாது. அப்பா, சித்தப்பா, தாத்தா குடிநோயாளிகளா என்ற கேள்வி அதைவிட நன்றாக வழிகாட்டும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் முதல் கட்டிங்கை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. தொடாமலே இருந்தால் இந்த நோய் வராது.

நீண்டகாலம் தினமும் குடிப்பவர் திடீரென்று தானே நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமும் உள்ளன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அழைக்கக் கட்டணம் இல்லை.