‘ஒப்பிடாதே’ என்றொரு கேசட்

1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு கேசட் வெளியிட்டார். படம் இல்லை, பாட்டு இல்லை, பாடகர் இல்லை, வி.எஸ். நரசிம்மனின் வயலினும் மற்ற வாத்தியங்களும்தான். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கை என்று அறிவித்த அந்த கேசட்டில் உருப்படிகளின் பெயர்களே புதிராக இருந்தன. ஒன்றுக்கு ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதாவது பாக்கை என் வீட்டில் சந்தித்தேன். அடுத்ததற்கு ‘அண்ட் வி ஹேட் எ டாக்’, பேசிக்கொண்டிருந்தோம். இன்னொன்றுக்கு ‘டோன்ட் கம்பேர்’. ஒப்பிடாதே.

அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ரசிகர்கள் கேட்டார்கள்.

ஒப்பிட்டுப் பேசும் அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் வட்டாரத்தில் அந்த வரலாறு தொழிலோடு சேர்ந்தே நடந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலைப் பாதிப் பக்குவத்திலேயே கப்பலேற்றிக்கொண்டிருந்த ஊர்கள் இவை. 1970களில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தோலை முழுசாக முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. டேனரிகளோடு ஷூ கம்பெனிகளும் பெருகின. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் தையல் மெஷின்களுக்கு வந்தார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்று பல வீடுகளுக்கு அப்போதுதான் அறிமுகமானது.

கேசட்டும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தது. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லினில் அறிமுகம் செய்த அந்தச் சின்னப் பெட்டி தமிழ்நாட்டுச் சிறு நகரங்களைப் பரவலாக எட்டியது எழுபதுகளின் கடைசியில். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1978இல் ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தன. எந்த ஸ்பீக்கரில் எந்த வாத்தியம் கேட்கிறது என்பதே ஒரு பேச்சாயிற்று.

அதன் பிறகு கடைத்தெருவில் முளைத்தவை கேட்ட பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்கள். போகிறவர் கையில் ஒரு லிஸ்ட் இருக்கும்: நோட்டில் கிழித்த தாளில் படப்பெயர், பாட்டின் முதல் சொல், கிடைக்காவிட்டால் போட மாற்றுப் பாட்டு இரண்டு. 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. நாலரை நிமிடப் பாட்டு ஆறு அடங்கும். ஏழாவது பாதியில் அறுந்து நிற்கும். 90 நிமிடத்தில் கூடுதலாகப் போடலாம், ஆனால் நாடா மெலிசு, சீக்கிரம் சிக்கும். சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். சட்டப்படி இதெல்லாம் காப்புரிமை மீறல்தான். அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு.

மேற்கே ராக் ரசிகர்கள் ஒப்பிட்டது ஆல்பத்தை. ஃபிராங்க் ஸாப்பா என்ற விசித்திரக் கலைஞர் 1966இல் ‘ஃப்ரீக் அவுட்’ என்று இரட்டை இசைத்தட்டோடு தொடங்கி, சாவதற்குள் அறுபதுக்கும் மேல் வெளியிட்டுவிட்டார். எது உசத்தி என்று அவருடைய ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இங்கே ஆல்பம் என்றால் படம். கேசட் கம்பெனிகளும் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொன்று என்று ஜோடி சேர்த்தே விற்றன. ‘மௌன ராக’மா ‘புன்னகை மன்ன’னா என்ற சண்டையில் இயக்குநரும் நடிகரும் தானாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டும் 1986இன் படங்கள், இரண்டும் ராஜா.

‘ஹவ் டு நேம் இட்’ அந்தச் சண்டையின் போக்கையே மாற்றியது. பேச வரி இல்லை, நினைவில் ஓட காட்சி இல்லை. எந்த இடத்தில் வயலின் பாக்கின் பார்ட்டிட்டாவிலிருந்து விலகி ராஜாவின் வழியில் போகிறது என்று காதால் மட்டுமே கண்டுபிடிக்க வேண்டும். 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்ததும் ரசிகர்கள் வயலின் கட்சி, குழல் கட்சி என்று பிரிந்தார்கள். அதே ஆண்டு பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு முதல் கேசட்டின் இசையைப் பயன்படுத்தினார். கேசட்டில் முதலில் கேட்டவர்களுக்கு அது பாக். படத்தில் முதலில் கேட்டவர்களுக்கு அது பாதியில் நிற்கும் செங்கல் சுவர்.

தோல் வட்டாரத்தில் இன்னொரு கேசட் அலமாரியும் இருந்தது. வீட்டில் உருதுவும் கடையில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் இவை. கஜலில் மெஹ்தி ஹசனா குலாம் அலியா என்பது அந்த அலமாரியின் வழக்கு. நாகூர் இ.எம். ஹனிபாவுக்குப் போட்டியே கிடையாது. பக்திப் பாட்டும் தி.மு.க. மேடைப் பாட்டும் ஒரே குரல். 1992இல் ‘செம்பருத்தி’ படத்தில் அந்தக் குரலை ராஜா பாட வைத்தபோது இரண்டு அலமாரிகளும் ஒட்டிக்கொண்டன.

அதே 1992இல் ஏ.ஆர். ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தது. பிறகு பல வருடங்களுக்கு ராஜாவா ரஹ்மானா என்ற ஒரே கேள்வி மற்ற எல்லா ஒப்பீட்டையும் விழுங்கிவிட்டது. கேசட் போய் சிடி வந்து, எம்பி3 வந்து, ரெக்கார்டிங் சென்டர் செல்போன் கடையானது.

வாத்தியங்களுக்கும் தோலுக்கும் இருக்கும் உறவு இந்தப் பேச்சில் வெகுநாள் வரவே இல்லை. பறைக்குத் தோல் வேண்டும்; மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று புத்தகமே எழுதியது 2020இல்தான். அதற்குச் சற்று முன், 2018 ஜனவரியில், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடையேறியது. கானா, ராக், ராப், பறை எல்லாம் ஒரே மேடையில். அதில் பாடிய அறிவு, பழைய வேலூர் மாவட்டத்து அரக்கோணத்துக்காரர். 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு அவர் கொண்டுவந்த ‘தெருக்குரல்’ எந்தப் படத்தையும் சேராத ஆல்பம். இளைய ரசிகர்கள் அதை வரிசைப்படி கேட்டு, எந்தப் பாட்டு எதற்கு மேல் என்று சண்டை போட்டார்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தது. பழைய வயலின் கட்சிக்கு உடனே வேலை வந்துவிட்டது: 1986ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஆனால் கேசட் ஓட பிளேயர் இல்லை, கேட்பது போனில்தான். அதில் ஒரு தொல்லை. ஷஃபிளில் விட்டால் ராஜாவும் பாக்கும் முதலில் பேசிவிடுகிறார்கள். சந்திப்பு அதற்கு மூன்று உருப்படி கழித்து வருகிறது.