காலத் துணுக்கு: காவலூர் முதல் கேம் எஞ்சின் வரை

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூரில், 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வானோக்குப் பணியைத் தொடங்கிவைத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1972இல் 1 மீட்டர் கார்ல் சைஸ் கருவி வந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி இயங்கத் தொடங்கியது. கருவிகள் பெருத்தாலும் அவற்றை இயக்குவோருக்கு ஒரு சிக்கல் மட்டும் மாறாமல் இருந்தது. பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒருமுறை சுழல்வதால், வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் விநாடிக்கு 15.04 வில்விநாடி நகர்கிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அதை 24 மணிக்கு ஒரு சுற்று என்று ஓடவிட்டால், பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 25 வில்விநாடி பிசகிவிடும். புள்ளியாய்ப் பதிய வேண்டிய விண்மீன் கோடாய் இழுபடும். பின்புறம் எவ்வளவு கனமான கருவியை மாட்டினாலும் வேகம் மாறக் கூடாது.

ஒளியியல் கருவி செய்தவரான ஃபிரான்ஹோஃபர் 1824இல் டோர்பாட் வானோக்கு நிலையத்துக்குச் செய்தளித்த தொலைநோக்கியை, இறங்கும் எடைக்கல்லால் ஓடும் கடிகாரப் பொறி திருப்பியது. பின்னர் மின்மோட்டார் வந்தது. அதன்பின், இருக்கும் நிலையை அளந்து, இருக்க வேண்டிய நிலையோடு ஒப்பிட்டு, ஓயாமல் திருத்தும் கணினி வந்தது.

சுமை மாறினாலும் வேகம் மாறக் கூடாது என்ற இந்தச் சிக்கலைக் கணினி விளையாட்டு எழுதியோர் வேறு வழியில் சந்தித்தார்கள். வானியலாளரிடம் அவர்கள் பாடம் கேட்டார்கள் என்பது என் வாதமன்று. இரு துறைகளும் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தன என்பதே. விளையாட்டின் முதன்மைச் சுழற்சி உள்ளீட்டை வாங்கி, உலகை ஒரு காலத் துணுக்கு நகர்த்தி, படம் வரைந்து, மீண்டும் தொடங்கும். தொடக்கத்தில் அத்துணுக்கின் நீளத்தை எந்திரத்தின் சுமையே தீர்மானித்தது. 1978இல் தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியோர் விரைந்தது இதனால்தான். அங்கே அது சுவை கூட்டியது. ஆனால் 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் பி.சி.க்கென எழுதிய விளையாட்டுகள் பல, வேகமான கணினியில் ஆடவே முடியாதபடி பறந்தன.

1993இல் வெளியான ‘டூம்’ விளையாட்டு தன் உலகை விநாடிக்கு 35 சமத் துணுக்குகளாக வெட்டியது. துணுக்கு மாறாததால், ஆடுபவரின் கட்டளைகளை மட்டும் சேமித்து முழு ஆட்டத்தையும் பிசகின்றி மறுபடி ஓட்டிக்காட்ட முடிந்தது. விளையாட்டு நிரலாளர் கிளென் ஃபீட்லர் 2004இல் எழுதிய கட்டுரை இம்முறையைத் தெளிவாக வகுத்தது: சென்ற ஃபிரேமுக்குப் பின் கடந்த நேரத்தை உண்டியல்போலச் சேர்த்துவை, ஒரு துணுக்கு நிறையும்போதெல்லாம் உலகை ஒருபடி நகர்த்து, மிச்சத்தைக் கொண்டு இரு நிலைகளுக்கிடையே படத்தை வரை. கணக்கிடவே ஒரு துணுக்கைவிடக் கூடுதல் நேரம் பிடித்தால் கடன் ஏறி எஞ்சின் நின்றுபோகும் என்பதால் சேர்ப்புக்கு வரம்பும் வேண்டும். யூனிட்டி கேம் எஞ்சினின் இயல்புத் துணுக்கு 0.02 விநாடி.

துணுக்கு எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பெரிதானால், ஒரு துணுக்கில் சுவருக்கு இப்பால் இருந்த குண்டு அடுத்ததில் அப்பால் இருக்கும்; மோதலே பதியாது. வானிலும் இதே இடர் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்தபோது அவ்விண்மீனின் ஒளியைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிந்தார்கள். யுரேனஸின் வளையங்களுள் பல சில கிலோமீட்டர் அகலமே கொண்டவை; அவை விண்மீனை மறைப்பது ஒரு விநாடி அளவே. அதைவிட நீண்ட இடைவெளியில் ஒளியை அளந்திருந்தால் அவை கண்ணில் படாமலே போயிருக்கும். காவலூரில் பதிவான ஒளிக்குறைவு ‘நேச்சர்’ இதழில் புதிய துணைக்கோள் என்றே வெளியானது. கோளின் இருபுறமும் ஒரே தொலைவில் அத்தகைய மறைப்புகள் நேர்ந்ததை கைப்பர் பறக்கும் வானோக்கு நிலையத்தின் பதிவு காட்டியதாலேயே, அவை வளையங்கள் என உறுதியாயிற்று.