பந்தயக் காரும் பொறிச் சுருளும்

பந்தயக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் அதன் வேகத்தைக் கேட்போர் பலர். எஞ்சினுக்கு அருகே பட்டையிட்டு இறுக்கியிருக்கும் கையடக்கமான உலோகப் புட்டியைக் கேட்போர் அரியர். இக்னிஷன் காயில் என்று பட்டறைகளில் வழங்கும் அப்புட்டியின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

ஒரு கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தினால், அதனை அடுத்துள்ள மற்றொரு சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் பாரடே கண்ட உண்மை இது. 1860-ல் லெனுவார் தம் வாயு எஞ்சினுக்கும், 1886-ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கும் இவ்வழியிலேயே பொறி தந்தனர். ஆனால் பாட்டரிகள் அக்காலத்தில் வலுவற்றவை. எனவே 1902-ல் பாஷ் நிறுவனத்தில் ஹோனோல்டு என்பார் உயர் அழுத்த மாக்னெட்டோவை அமைத்ததும் பந்தயக்காரர் மனம் அதன்பால் சென்றது. பாட்டரி வேண்டாம், எஞ்சின் விரைய விரையப் பொறியும் வலுக்கும். வேறென்ன வேண்டும்? 1946-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மைந்தர் ஜானும் மோட்டார் சைக்கிளுக்குரிய 500 சி.சி. எஞ்சினைப் பொருத்திச் சிறு பந்தயக் கார் செய்தபோதும் மாக்னெட்டோவே அதற்குப் பொறி தந்தது.

பிறகு 1959-ல் பார்முலா ஜூனியர் பந்தயம் உலகெங்கும் பரவியது. இத்தாலியரான லுரானி பிரபு வகுத்த அத்திட்டத்தில், சாதாரணக் கார்களின் எஞ்சினையே செம்மைப்படுத்தி ஓட்ட வேண்டும். அவ்வாண்டு வெளிவந்த போர்டு ஆங்கிலியா காரின் 997 சி.சி. எஞ்சின் பலரைக் கவர்ந்தது. அதில் இருந்ததோ காயில். இங்கேதான் சிக்கல் பிறந்தது.

மாணவர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 முறை சுழன்றால் நொடிக்கு 250 பொறிகள் வேண்டும். ஒரு பொறிக்குக் கிடைப்பது நொடியின் 250-ல் ஒரு பங்கு. அதிலும் தொடுமுனைகள் மூடியிருக்கும் மூன்றில் இரு பங்கு நேரத்தில்தான் சுருளில் மின்னோட்டம் ஏற முடியும். சுற்றுகள் மிகுந்த சுருளில் மின்னோட்டம் மெல்ல ஏறும், முழு அளவை எட்டுமுன் முனைகள் பிரிந்துவிடும், பொறி மெலியும். இது மாக்னெட்டோவின் இயல்புக்கு நேர் எதிரானதன்றோ?

சுற்றுகளைக் குறைத்தால் மின்னோட்டம் விரைந்து ஏறும். ஆனால் தடையும் குறைவதால், மெதுவாக ஓடும்போது மிகையான மின்னோட்டம் பாய்ந்து சுருள் கொதிக்கும்; முனைகளும் கருகும். ஆதலின் சுருளோடு தொடராக ஒரு மின்தடையை வெளியே இணைத்தனர். அழகற்ற உபாயந்தான், எனினும் பயன்பட்டது.

அதன் அருமையை நான் 1970-களில் சோழவரத்தில் அறிந்தேன். போர்க்கால விமானத் தளமாக இருந்த அம்மைதானத்தில் அந்நாளில் பந்தயங்கள் நடைபெற்றன. நண்பனின் தமையனார் தம் மோட்டார் சைக்கிளை விற்று ஒரு சிறு பந்தயக் கார் அமைத்திருந்தார். கல்லூரியில் படித்த செருக்கில், "அண்ணா, இந்தத் தடையை எடுத்துவிட்டால் பொறி இன்னும் வலுக்கும்" என்றேன். அவரும் நம்பினார். காலையில் சோதித்தபோது எஞ்சின் அருமையாகப் பாடியது. ஆனால் பந்தயம் தொடங்கும் இடத்தில் கொடி அசையத் தாமதமாயிற்று. எஞ்சினை நிறுத்தியவர் சாவியைத் திருப்பி மூட மறந்தார். முனைகள் மூடிய நிலையில் சில நிமிடங்கள் முழு மின்னோட்டமும் சுருளில் பாய்ந்தது. மூன்றாவது சுற்றில் எஞ்சின் விக்கியது, நான்காவதில் நின்றது.

மறுநாள் புட்டியை அறுத்துத் திறந்தோம். சூட்டைத் தணிக்க உள்ளே நிரப்பியிருந்த எண்ணெய் கறுத்து நாறியது. கம்பியின் மேற்பூச்சு உதிர்ந்திருந்தது. அண்ணன் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. நான் கழற்றிய தடையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். அவ்வாண்டு அந்தக் கார் மீண்டும் பந்தயத்துக்கு வரவில்லை.